பதில் சொல்லும் கடமை: இல்-பிசார் தீவு வழியே

டொலார்-தெ-ஓர்மோ

மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில் டொலார்-தெ-ஓர்மோ என்றொரு சிறு நகரம். அதன் சேன்-ரெஜி சாலையில் திருமுருகன் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர்கள் கட்டியெழுப்பிய கோயில் இது. பூசை முடிந்து பந்தியில் அமர்ந்தால் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் யாழ்ப்பாணப் பக்குவத்தில் வருகின்றன. பெரியவர்கள் ஊர்த் தமிழில் பேசிக்கொள்ள, பிள்ளைகள் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பதில் சொல்கிறார்கள். இங்கிருந்து வடமேற்கே சில கிலோமீட்டரில் இல்-பிசார் தீவு. கோயிலுக்கும் தீவுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. கோயில் இருக்கும் ஊர் தனி நகராட்சி. தீவோ மொன்றியல் மாநகரின் ஒரு வட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கோட்டைப் போட்டது 2004 ஜூன் 20 அன்று நடந்த வாக்கெடுப்பு.

கியூபெக் மாகாணம் 2000 டிசம்பரில் நிறைவேற்றிய 170ஆம் சட்டம், மொன்றியல் தீவிலும் அதை ஒட்டியும் இருந்த 28 நகராட்சிகளை 2002 ஜனவரி 1 முதல் ஒரே மாநகரமாக்கியது. ஊரைக் கலைக்கும் சட்டத்துக்கு ஊர்க்காரர்களின் சம்மதத்தை அரசு கேட்கவில்லை. நீதிமன்றம் போன நகராட்சிகளும் தோற்றன. கனடாவின் அரசியல் சாசனப்படி நகராட்சி என்பது மாகாணச் சட்டமன்றம் உண்டாக்கியது. உண்டாக்கிய மன்றம் கலைக்கவும் செய்யலாம். 2003இல் ஆட்சி மாறியதும், ழான் ஷாரேயின் லிபரல் அரசு பிரிந்துபோக விரும்பும் ஊர்களுக்கு ஒரு வழி திறந்தது. வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் பதிவேட்டில் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு நடக்கும். அதில் பெரும்பான்மை பெற்றால் மட்டும் போதாது. பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 35 விழுக்காட்டினராவது பிரிவுக்கு வாக்களித்திருக்க வேண்டும். டொலார்-தெ-ஓர்மோ உட்பட மொன்றியல் தீவில் 15 நகராட்சிகள் அந்த அளவைத் தாண்டி, 2006 ஜனவரி 1 அன்று திரும்ப உயிர்பெற்றன. இல்-பிசார் தாண்டவில்லை.

தாண்டிய ஊர்களுக்குத் திரும்பக் கிடைத்ததும் முழு அதிகாரம் அல்ல. காவல், தீயணைப்பு, குடிநீர், பொதுப் போக்குவரத்து எல்லாம் மொன்றியல் தீவு முழுமைக்குமான ஒரு கூட்டுச் சபையிடம் போய்விட்டன. அந்தச் சபையில் மொன்றியலின் வாக்கு ஒன்றே எதையும் முடிவு செய்யப் போதும். மக்கள் 'ஆம்' என்றார்கள். அந்த 'ஆம்' என்பதற்கு என்ன பொருள் என்று சட்டத்தில் எழுதியவர்கள் வேறு ஆட்கள். சாதாரணக் குடிமக்களுக்குச் சட்டம் இயற்றுவதில் பங்கு வேண்டும் என்பதை இன்று வெளிப்படையாக மறுப்பவர் குறைவு. அந்தப் பங்கை எந்த இடத்தில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள். கேள்வியை எழுதும்போது அவர்கள் இல்லை, விதியை வரையும்போதும் இல்லை. எல்லாம் முடிந்தபின் ஒரு குறி போடுவதற்கோ, ஒரு கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசுவதற்கோ கூப்பிடப்படுகிறார்கள். பேசியதற்குப் பதில் சொல்லும் கடமையும் யாருக்கும் கிடையாது. இந்தக் கடமை சட்டத்தில் ஏறாதவரை எத்தனை கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டாலும் பயன் சொற்பம் என்பது என் வாதம்.

சேந்த்-ஜெனவியேவ்

டொலார்-தெ-ஓர்மோவை அடுத்த பியர்ஃபோனின் வீட்டுத் தெருக்களைக் கடந்து வடக்கே வந்தால் ஆறு. கரையில் சேந்த்-ஜெனவியேவ் என்ற பழைய ஊர். 1840களில் தோமா பாயர்ஜேயின் வரைபடப்படி கட்டிய கல் தேவாலயம், ஒடுக்கமான பிரதான வீதி, மேப்பிள் மர நிழல். சாலையோரச் சிற்றுண்டிக் கடைகளில் பூட்டீன் கிடைக்கிறது: பொரித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் பாலாடைக்கட்டித் துண்டுகள், அதன்மேல் கொதிக்கும் இறைச்சிக் குழம்பு. பாலாடைக்கட்டி புதிதாக இருந்தால் பல்லில் கீச்சிடும். கீச்சிடாததை இவ்வூரார் மதிப்பதில்லை. பேச்சுக் கொடுத்தால் நன்றாகப் பேசுகிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் பாலம், வரி, வெள்ளம் என்றே போய் நிற்கிறது.

இந்த ஊரும் எதிரே உள்ள தீவும் சேர்ந்ததுதான் இல்-பிசார்–சேந்த்-ஜெனவியேவ் வட்டம். மொன்றியலின் 19 வட்டங்களில் மக்கள்தொகையில் மிகச் சிறியது; இருபதாயிரம் பேர்கூட இல்லை. ஆனாலும் இதற்கென்று ஒரு மேயரும் மன்றமும் உண்டு. கியூபெக்கில் ஒவ்வொரு நகராட்சி மன்றக் கூட்டத்திலும் பொதுமக்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்கு வந்த எவரும் எழுந்து மேயரைக் கேட்கலாம். நம் ஊர்களில் மாமன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்க்கக் கிடைப்பதே பெரிது.

இதைவிட வலுவான கருவி ஒன்றும் இவர்களிடம் இருந்தது. நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் குறித்த 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பகுதியில் எதைக் கட்டலாம் என்ற விதியை நகராட்சி மாற்ற நினைத்தால் முதலில் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். பிறகு அந்தப் பகுதியிலும் அதை ஒட்டியும் வசிப்பவர்கள் கேட்டால் பதிவேடு திறக்க வேண்டும். போதிய கையெழுத்து விழுந்தால் நகராட்சி வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அல்லது மாற்றத்தையே கைவிட வேண்டும். நம் நாட்டில் வயல் மனையாகும்போது ஆட்சேபணை கேட்டு ஓர் அறிவிப்பு வரும். பக்கத்து வயல்காரர் கண்ணில் அது படுவதற்குள் எல்லைக்கல் நட்டு முடிந்திருக்கும். அந்த நிலையோடு ஒப்பிட்டால் கியூபெக்கின் உரிமை எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

ஆனால் 2017 ஜூனில் வந்த 122ஆம் சட்டம், மக்கள் பங்கேற்புக் கொள்கை ஒன்றை ஏற்கும் நகராட்சிகளுக்கு இந்த வாக்கெடுப்பிலிருந்து விலக்கு அளித்தது. 2024இல் வீட்டுவசதிக்காக வந்த இன்னொரு சட்டம் மேலும் சில விலக்குகளைச் சேர்த்தது. விலக்குக் கேட்டவர்களின் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. வசதியான தெருக்காரர்கள் கையெழுத்துச் சேர்த்து, வாடகைக் குடியிருப்பும் ஏழைகளுக்கான வீடும் தங்கள் பக்கம் வராமல் தடுத்திருக்கிறார்கள். வீடு தேடி அலையும் குடும்பத்துக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை, ஏனென்றால் அந்தக் குடும்பம் இன்னும் அங்கே குடிவரவில்லை. இது உண்மையான குறை. ஆனால் இதிலிருந்து 'மக்களிடம் கேட்காதே' என்ற முடிவு வராது. பதிவேடு மக்களுக்குத் தந்தது தடுக்கும் உரிமை மட்டுமே. எழுதும் உரிமையைத் தந்திருந்தால், 'இங்கே வேண்டாம்' என்பவர் 'அப்படியானால் எங்கே, எத்தனை' என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். பொறுப்புக் கொடுக்காமல் தடைக்கோலை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, மக்கள் தடுக்கிறார்கள் என்று குறைசொல்வது நியாயமில்லை.

இல்-பிசார்

ஜாக்-பிசார் பாலம் ஒன்றுதான் தீவுக்குள் போகும் சாலை வழி. சுவிட்சர்லாந்தில் பிறந்த படை அதிகாரி ஜாக் பிசாருக்கு 1678இல் மானியமாகக் கிடைத்த நிலம் இது. பாலத்தைத் தாண்டியதும் நகரத்தின் இரைச்சல் விட்டுப்போகிறது. பழைய தேவாலயத்தைச் சுற்றிக் கிராமம், அதற்கப்பால் புல்வெளியும் காடும், 1873இல் தொடங்கி 1959இல் இங்கே இடம்பெயர்ந்த ராயல் மொன்றியல் கோல்ஃப் மன்றம், தண்ணீரை ஒட்டி வீடுகள். மேற்கே இரு மலைகள் ஏரி விரிந்து கிடக்கிறது. ஒட்டாவா ஆற்றின் தண்ணீர் வந்து சேரும் ஏரி அது.

வடக்கே உருகும் பனியோடு மழையும் சேர்ந்துவிட்டால் இந்தத் தீவு தண்ணீரில் தத்தளிக்கும். 2017 மே 7 அன்று மொன்றியல் மாநகரம் அவசரநிலை அறிவித்தது. மிக மோசமாக அடிபட்ட இடங்களில் இல்-பிசாரும் ஒன்று. இதனோடு சிறு பாலத்தால் இணைந்த இல்-மெர்சியே என்ற குட்டித்தீவின் மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. இரண்டே ஆண்டில், 2019 ஏப்ரலில், தண்ணீர் மறுபடியும் வந்தது. கரையோர வீட்டுக்காரர்களைக் கேட்டால் எந்த ஆண்டு எந்தப் படிவரை நீர் ஏறியது என்று கைகாட்டிச் சொல்கிறார்கள். எந்தப் பொறியாளரின் கோப்பும் அவ்வளவு நுட்பமாக அதைச் சொல்லாது.

இரண்டாவது வெள்ளம் வடிந்ததும் மாகாண அரசு சிறப்புத் தலையீட்டு மண்டலம் என்று ஒன்றை அறிவித்தது. வரைபடத்தில் கோட்டுக்குள் வரும் இடங்களில் புது வீடு கட்டக் கூடாது. அழிந்துபோன வீட்டைத் திரும்பக் கட்டவும் கூடாது என்றது அது. நூற்றுக்கணக்கான நகராட்சிகளைத் தொட்ட இந்த ஏற்பாடு 2019 ஜூன் நடுவில் அறிவிப்பானது, ஜூலை நடுவில் ஆணையாகிவிட்டது. நனையாத மனைகளும் கோட்டுக்குள் விழுந்தன. நகராட்சிகள் பிழைகளைச் சுட்டிக்காட்ட, வரைபடங்கள் திருத்தப்பட்டன. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பை மதிப்பற்றதாக்கும் கோடு ஒரே மாதத்தில் போடப்பட்டது. கரையில் வாழ்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோடு போட்டிருந்தால் அந்தத் திருத்தங்களில் பல தேவைப்பட்டிரா.

வீட்டின் விலை விழுந்துவிடும் என்று அஞ்சுகிறவர் வெள்ளத்தைக் குறைத்துத்தானே சொல்வார் என்று கேட்கலாம். சொல்லக்கூடும். அதனால்தான் பாதிக்கப்பட்டவர்களை மட்டும் கூட்டிப் பேசுவது போதாது. நிவாரணத்துக்கு வரி கட்டும் நகரத்துக்காரர், வாடகைக்கு இருப்பவர், இன்னும் வீடு வாங்காத இளைஞர் எல்லாரும் அதே மேசையில் இருக்க வேண்டும். நீரியல் வல்லுநர் அவர்களுக்கு விளக்க வேண்டும், அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். நிபுணத்துவம் மக்களிடம் இல்லை என்பது பெரிதாகச் சொல்லப்படும் தடை. சட்டமன்ற உறுப்பினர்களிலும் நீரியல் படித்தவர் எத்தனை பேர்? அவர்களும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கை தூக்குகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. தண்ணீரைப் பற்றி அவர்களைவிட அதிகம் அறிந்தவர் யார்? அந்த முடிவில் அவர்களுடைய பங்கு என்ன?

சதுப்பின் நடுவே

தீவின் நடுவில் இல்-பிசார் இயற்கைப் பூங்கா. சதுப்பின்மேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் ஆளுயரச் சம்பங்கோரை, வெயில் காயும் ஆமைகள், அசையாமல் நிற்கும் சாம்பல்நீல நாரை. பள்ளிக்கரணையைப் பார்த்தவர்களுக்கு மனம் கனக்கும். அங்கே சதுப்பில் குப்பையையும் கட்டடங்களையும் நிரப்பினோம். இங்கே அதன்மேல் பாதங்கள் மட்டும் படுகின்றன.

இந்தப் பூங்காவைத் தன்னுள் சேர்த்துக்கொண்டதுதான் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மேற்குப் பெரும்பூங்கா. ஏறத்தாழ 3,000 ஹெக்டேர் பரப்புக்குத் திட்டமிடப்பட்டது. அதன் கதை நம் விவாதத்துக்கு நேராக வருகிறது. தீவுக்குத் தெற்கே, பியர்ஃபோனின் மேற்குக்கோடி வயல்வெளியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டத்தை 2015இல் அன்றைய மேயர் தெனி கொதேர் முன்வைத்தார். மொன்றியல் பொது ஆலோசனை அலுவலகம் 2017இல் அதன்மேல் விசாரணை நடத்தியது. 2002 முதல் இயங்கும் இந்த அலுவலகம் மாநகரத்தின் பணத்தில் நடந்தாலும் மேயருக்குக் கட்டுப்பட்டதல்ல. அதன் ஆணையர்கள் பொதுவில் கேட்கிறார்கள், பொதுவில் அறிக்கை வெளியிடுகிறார்கள். வயல்களைக் காக்கக் கோரி ஏராளமானோர் வந்தனர். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் கொதேர் தோற்று, வலேரி பிளான்ட் வென்றார். 2019 டிசம்பரில் அந்த நிலத்தின் ஒரு பெரும்பகுதியை மாநகரம் 73 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது.

வென்றது விசாரணையா, தேர்தலா? இரண்டும்தான். ஆனால் கொதேர் மறுபடியும் வென்றிருந்தால் அறிக்கை அலமாரியில் கிடந்திருக்கக்கூடும், ஏனென்றால் அந்த அலுவலகத்தின் பரிந்துரை மாநகர மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அதே அலுவலகம் தொடர்பாக இன்னொரு நல்ல உரிமையும் இங்கே உண்டு. மொன்றியலில் வசிக்கும் 15 வயதுக்கு மேற்பட்ட 15,000 பேர் கையெழுத்திட்டால், அவர்கள் கேட்கும் பொருளில் மாநகரம் ஆலோசனை நடத்தியாக வேண்டும். அகதிக்கும் பள்ளி மாணவிக்கும் அந்தக் கையெழுத்து உரிமை உண்டு. 2018இல் இப்படித் திரண்ட சுமார் 22,000 கையெழுத்துகளால் அமைப்புசார் இனவாதம் பற்றிய விசாரணை நடந்தது. 2020 ஜூனில் 38 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. அப்படியொரு இனவாதம் இருக்கிறது என்பதை மேயர் ஏற்றார். அதை எதிர்கொள்ள ஓர் ஆணையர் நியமிக்கப்பட்டார். இந்த அலுவலகம் குறையற்றதல்ல. 2023இல் அதன் பயணச் செலவுகளும் விருந்துச் செலவுகளும் வெளியே வந்து, தலைமை மாற்றப்பட்டது. செலவைக் கண்காணிக்க இது காரணமாகலாம். கேட்பதையே நிறுத்துவதற்குக் காரணமாகாது.

இத்தகைய கூட்டங்களின் பெரிய குறை வேறு. வருகிறவர்கள் நேரமும் நாவன்மையும் உள்ளவர்கள். இரவுப் பணிக்குப் போகும் தமிழ்க் குடும்பத் தலைவி அங்கே வரமாட்டார். இதற்கான மாற்று வழியைக் கனடாவே காட்டியது. 2004இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் தேர்தல் முறையைச் சீர்திருத்தச் சாதாரண மக்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தது. 79 தொகுதிகளிலும் ஓர் ஆண், ஒரு பெண். அவர்களோடு பழங்குடியினர் இருவர். ஆக 160 பேர். ஓராண்டு படித்து, ஊர் ஊராகக் கேட்டு, 146க்கு 7 என்ற வாக்கில் புதிய முறையைப் பரிந்துரைத்தார்கள். 2005 மே 17 அன்று நடந்த வாக்கெடுப்பில் 57.7 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அரசு வைத்த அளவு 60. பரிந்துரை விழுந்தது. 2009இல் திரும்ப நடத்தியபோது ஆதரவு 39 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. மக்கள் சபை தன் வேலையைச் செம்மையாகச் செய்தது. அதன் முடிவு நடைமுறைக்கு வருவதற்கான அளவுகோலை மட்டும் அந்த மக்களின் கையில் விடவில்லை.

சீட்டுக் குலுக்கல் நமக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 30 குடும்புகளின் பெயர் ஓலைகளைக் குடத்தில் இட்டுச் சிறுவன் கையால் எடுத்து வாரியங்களை அமைத்த முறையைச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் குடத்துக்குள் நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் ஓலைகள் மட்டுமே விழுந்தன. பெண்களும் உழுதவர்களும் வெளியே நின்றார்கள். முறையை எடுத்துக்கொண்டு, குடத்தை எல்லாருக்கும் திறப்பதுதான் நாம் அந்தக் கல்வெட்டுக்குச் செய்யும் மரியாதை.

இன்று நம்மிடம் இருக்கும் கருவி கிராம சபை. அரசியல் சாசனத்தின் 243ஏ பிரிவிலும் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இலும் அதற்கு இடம் உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மதுரை மேலூர் வட்டத்தில் டங்ஸ்டன் சுரங்க உரிமம் 2024 நவம்பரில் ஒரு நிறுவனத்துக்கு ஏலம் போனபோது, அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. தீர்மானம் எவரையும் கட்டுப்படுத்தவில்லை. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, ஜனவரியில் மக்கள் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தே திரண்டபிறகு, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் நடந்தது வேறு. வன உரிமைச் சட்டம் 2006 தந்த பலத்தில், 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது. 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அரிட்டாபட்டி, நியம்கிரி என இரண்டு மலைகளும் பிழைத்தன. ஒன்றைக் காக்க ஊரே தெருவில் இறங்க வேண்டியிருந்தது, மற்றதில் சபையின் சொல்லுக்கே சட்ட பலம் இருந்தது.

படகுத்துறை, லவால்

தீவின் வடகரையிலிருந்து கம்பி பிடித்து ஆற்றைக் கடக்கும் படகு ஒன்று, பனியில்லாத மாதங்களில், கார்களையும் மிதிவண்டிகளையும் லவால் கரைக்குக் கொண்டுபோகிறது. அக்கரையில் பெரிய மரங்களும் பெரிய வீடுகளும் அமைதியும். அந்த லவால் நகரத்தை 1989 முதல் 2012 வரை ஆண்டவர் மேயர் ஜில் வயான்கூர். 2005இலும் 2009இலும் மன்றத்தின் எல்லா இடங்களும் அவருடைய கட்சிக்கே. எதிர்க்கட்சி என்று ஒரு குரலும் இல்லை. 2016இல் அவர் ஒப்பந்த ஊழல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்கும்போது குடிமக்கள் சபை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கரையே விடை. தேர்தல் காலந்தவறாமல் நடந்தது. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவில், கேள்விக்குப் பதில் சொல்ல எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை.

சீட்டில் வந்தவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லையே, அவர் எப்படிச் சட்டம் எழுதலாம் என்ற எதிர்வாதம் கடினமானது. இறுதி முடிவு தேர்ந்தெடுத்த மன்றத்திடமோ வாக்கெடுப்பிடமோ இருக்கட்டும். மக்கள் சபையின் வரைவைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கும் சுதந்திரம் மட்டும் மன்றத்துக்கு இருக்கக் கூடாது. அயர்லாந்து இதைச் செய்து பார்த்தது. 2012 முதல் 2014 வரை 66 குடிமக்களும் 33 அரசியல்வாதிகளும் ஒரு தலைவரும் கூடிய அரசியல் சாசன மாநாட்டின் ஒவ்வோர் அறிக்கைக்கும் நான்கு மாதத்தில் பதில் சொல்வதாக அரசு உறுதியளித்தது. எல்லா அறிக்கைக்கும் அந்தக் கெடுவைக் காப்பாற்றவில்லை, பல பரிந்துரைகள் தேங்கின. ஆனாலும் ஒருபால் திருமணம் குறித்த பரிந்துரை 2015இல் வாக்கெடுப்புக்குப் போய் 62 விழுக்காடு ஆதரவோடு அரசியல் சாசனத்தில் ஏறியது. இலங்கையில் 2016இல் லால் விஜேநாயக்க தலைமையிலான குழு எல்லா மாவட்டங்களுக்கும் போய், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் புதிய அரசியல் சாசனம் பற்றிச் சொன்னதை எழுதி அறிக்கை தந்தது. அதற்கு நாடாளுமன்றம் இன்ன நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதிய அரசியல் சாசனம் வரவேயில்லை.

தமிழ்நாட்டுக்குத் தேவைப்படுவது பெரிய புரட்சி அல்ல, ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு திருத்தம். கிராம சபைத் தீர்மானம் எந்த அலுவலகத்துக்குப் போகிறதோ, அந்த அலுவலகம் 90 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அடுத்த சபையில் வாசிக்கப்பட வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள், சாலைக்கும் குடிநீருக்கும் முன்னால், இதையே முதல் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.